கோட்டையூரிலிருந்து தரமணிக்கு

விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது, செட்டிநாட்டுக் கோட்டையூரில் அவர் விட்டுச்சென்றவை ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. சென்னைத் தரமணியில் இன்று இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த விற்பனை சரியா?

முதலில், விற்றது என்ன என்று பார்க்க வேண்டும். அரிய நூல்கள் இருந்தன, உண்மை. ஆனால் தொகுப்பின் உயிர் நாடக நோட்டீஸிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பாட்டுப் புத்தகங்களிலும் இருக்கிறது என்பேன். ஒரு நோட்டீஸ் கொட்டகையையும் டிக்கெட் விலையையும் ஸ்திரீ பார்ட் போட்டவர் பெயரையும் சொல்லிவிடும். மணமகன் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் எப்போது உதிரத் தொடங்கியது என்பதைக் கல்யாணப் பத்திரிகைகளை வரிசையாக அடுக்கினால்தான் காணமுடியும். ரயில் விபத்தையும் கொலை வழக்கையும் சிந்தாகப் பாடி மலிவாக விற்ற குஜிலிப் புத்தகங்களைப் புலவர்கள் சீந்தவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் போகவேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அரசு நூலகம் செய்ய முடியாததை முத்தையா தனியாளாகச் செய்தார்.

இவை ஒன்றாக இருந்தால்தான் பொருள் தரும். பழைய புத்தக வியாபாரிகளின் கைக்குப் போயிருந்தால் முதற்பதிப்புகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்திருக்கும், நோட்டீஸ்கள் எடைக்குப் போயிருக்கும். பேரறிஞர்களின் தொகுப்புகளுக்கு அந்தக் கதி வரவில்லை. உ.வே.சாமிநாதையர் 1942இல் காலமானார். மறு ஆண்டே ருக்மிணி தேவி அவர் பெயரில் நூலகம் கண்டார். மறைமலையடிகளின் நூல்களை 1958இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பொதுநூலகமாக்கியது. அவர்களுக்கு மாணவர்கள் இருந்தார்கள், இயக்கம் இருந்தது. பலகை எழுதியவருக்கு அப்படி யாரும் இல்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் பெயரில் பக்கத்துக் காரைக்குடியில் 1985 முதலே பல்கலைக்கழகம் இருந்தும், தொகுப்பை வாங்க முன்வந்தது சிகாகோதான்.

ஆகவே விற்பனை சரியே. தொகுப்பு சிதறவில்லை, கடல் கடந்தும் போகவில்லை, நூலகத்தை நடத்துவது இங்குள்ள அறக்கட்டளை. அந்த நூலகம் நூல்களை நுண்படமாக்கிய வேலையை இதைவிடவும் பெரிதாக மதிக்கிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவே இல்லை. இரண்டாவது பிரதி எடுத்து வைக்காத நூலகம் பாதுகாப்பானதென்று அதற்குப் பின் யாரும் சொல்லக் கூடாது. 2007இல் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி ஆய்வு மையத்தை ரோஜா முத்தையா நூலகத்தில்தான் தொடங்கினார். சேமிப்பிடம் ஆய்விடமாக வளர்ந்ததற்கு அது சான்று.

என் மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. ஆய்வாளருக்குத் தரமணி வசதி. கோட்டையூர் இருக்கும் சிவகங்கை மாவட்டத்துப் பள்ளி மாணவிக்கு அது ஒரு ராத்திரிப் பயணம். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பத்திரிகைகூட அந்தத் தொகுப்பில் இருக்கலாம். மூலங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. அவை குளிரூட்டிய அறையில் இருப்பதே நல்லது. செட்டிநாடு தொடர்பான நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்களின் நகல்களாவது கோட்டையூரில் ஒரு பொது அறையில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். நுண்படம் எடுத்த கைகளுக்கு இது பெரிய வேலையில்லை.