ஆளில்லாக் கணிப்பொறி தானே எழுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிலைப் பற்றி அறிவீர்கள். தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் தம் கழிவைக் கருவிகளால் இடைவிடாது அளந்து அனுப்ப வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் ஆணையிட்டது. நள்ளிரவில், அருகில் ஆளில்லாதபோது, அளவுகளை அனுப்பும் கணிப்பொறி நின்றுவிட்டால் என்ன ஆகும்?

“மீண்டும் இயக்கினால் போதும்” என்பார்கள். இது அரை விடையே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்று, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. பல கணிப்பொறிகள் ஒவ்வொரு தொடக்கத்திலும் அதே கோப்பைப் படித்து மீண்டும் விழுந்தன. ஆள் நேரில் சென்று அதை நீக்க வேண்டியதாயிற்று. கோப்பு வெளியார் தந்தது. தானே மீளத் தெரியாதது இயக்க அமைப்பின் குறை. தொடங்க இயலாத கணிப்பொறிக்கு இணையம் வழியே திருத்தம் அனுப்பும் வசதி, விண்டோஸ் 11-ல் 2025-ல்தான் வந்தது.

1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரின் கணிப்பொறியும் அடிக்கடி நின்றது. ஒரு வேலை உரிய நேரத்தில் முடியாவிட்டால், கணிப்பொறி தானே மறுபடி தொடங்கிப் பூமியின் கட்டளைக்குக் காத்திருந்தது. எனவே இங்கிருந்தே திருத்த முடிந்தது.

ஆளில்லாக் கணிப்பொறிக்கு நாம் கேட்க வேண்டியவை மூன்று. மீண்டும் மீண்டும் விழுந்தால், கடைசியாக நன்கு இயங்கிய நிலைக்குத் தானே திரும்ப வேண்டும். தொலைவிலிருந்து வரும் கட்டளையை ஏற்க வேண்டும். நின்ற நேரத்தை மறைக்காமல் பதிய வேண்டும். அந்த நேரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதினால், அளக்காத கழிவு மாசற்ற கழிவாகிவிடும். பாலாற்றங்கரை மக்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.