வரைகிறவரிடம் வரையக் கற்றல்

ஈழத்துத் தமிழ் ஓவியத்தில் யார் யாரிடம் கற்றார் என்று தேடிக்கொண்டு போனால், பல தடங்கள் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றன. 1933இல் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்த அ. மாற்கு அவர். கொழும்பில் நுண்கலை பயின்று ஊர் திரும்பிய மாற்கு மாஸ்ரர் வாழ்நாள் முழுவதும் வரைந்தார், வாழ்நாள் முழுவதும் கற்பித்தார். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவில்லை. கல்முனைப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அவருக்கு முன்பும் ஒரு மரபு இருந்தது. 1938இல் எஸ்.ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப் சித்திர ஆசிரியர்கள் கூடி வரைந்த இடம். நிலக்காட்சியும் உருவப்படமும் அங்கே கைப்பழக்கமாயின. கண்ணால் கண்டதைப் பிசகாமல் வரைவதே அவர்களுடைய அளவுகோல். கொழும்பில் 1943இல் கூடிய '43 குழுவினர், ஜோர்ஜ் கீற்றும் ஐவன் பீரிஸும் போன்றவர்கள், அந்த அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். இயற்கையை அப்படியே ஒற்றி எடுப்பதை விட்டு, கோட்டுக்கும் நிறத்துக்கும் தனி வாழ்வு கொடுத்தார்கள். இந்த இரண்டு பள்ளிகளையும் அறிந்தவர் மாற்கு. அவருடைய விடுமுறைக்கால ஓவியர் கழகத்தில் நவீன ஓவியத்தின் வாசம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டியது. 1987இல் அவரைப் பற்றி வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரை, ஓர் ஆசிரியருக்கு ஒரு சமூகம் செய்யக்கூடிய நல்ல மரியாதை என்று நினைக்கிறேன். 1995 இடப்பெயர்வு அவரையும் ஊரைவிட்டு எழுப்பியது. 2000இல் காலமானார்.

ஓர் ஆசிரியர் நல்லவரா என்று எதைக்கொண்டு அறிவது? மாணவரின் படம் ஆசிரியரின் படத்தைப் போல இருக்கக்கூடாது. இதுதான் என் முதல் அளவுகோல். மாற்குவின் மாணவர்களில் இருவரைப் பாருங்கள். மட்டக்களப்பில் வாழும் கமலா வாசுகியின் தூரிகை பெண்ணின் உடலையும் வலியையும் தாய்மையையும் தொடுகிறது. தா. சனாதனனோ வீடு, பொருள், ஆவணம் என்று வேறொரு பாதையில் போனார். இருவரும் ஒருவரை ஒருவர் ஒத்திருக்கவில்லை, குருவையும் ஒத்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் ஓர் ஆசிரியருக்கு வேண்டுமா?

சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். கண்காட்சிகளுக்குத் தொடர்ந்து படைப்பவர். 2011இல் வெளிவந்த அவருடைய 'முற்றுப்பெறாத தோம்பு' நூலை நம் ஊர்ச் சித்திர ஆசிரியர்கள் அவசியம் பார்க்க வேண்டும். போரில் வீடிழந்த தமிழர்களும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அறை இங்கே, குசினி அங்கே, கிணறு பின்னால் என்று நடுங்கும் பென்சில் கோடு. அதையே கட்டடக் கலைஞர் ஒருவர் அளவோடு திருத்தமாக வரைந்தார். மூன்றாவதாக, அந்த நினைவிலிருந்து பிறந்த சனாதனனின் பாஸ்டல் ஓவியம். ஒரே வீடு மூன்று கைகளில். அளவு பிசகாத கட்டடப் படம் எதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பது, உடைமையாளரின் கோணல் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். வின்சர் காலத்து அளவுகோலை வைத்தால் அந்தக் கோணல் கோடு பிழை. இங்கே அதுவே உயிர்.

இந்த நூலில் நமக்கென்று இன்னொரு பாடமும் இருக்கிறது. உருவம் வரையலாமா என்ற கேள்வி கல்முனைக்குடியிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் பல வீடுகளில் உண்மையாகவே உண்டு. பெற்றோரின் அந்தத் தயக்கத்தை மதிக்காத ஆசிரியரிடம் பிள்ளை நீடிக்காது. தயக்கத்தோடு சித்திரத்தையே மூடிவைத்தாலும் பிள்ளைக்குத்தான் நட்டம். ஒரு வீட்டின் தளப்படத்தில் மனித உருவமே இல்லை. ஆனாலும் உம்மா படுத்த மூலையும் வாப்பா தொழுத இடமும் அதில் தெரியும். மனிதரை வரையாமலே மனிதரைப் பற்றிப் பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மிடம் பள்ளியே இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மருதமுனைத் தறியில் பாவும் ஊடையும் சேரும் இடத்தில் நிறக்கணக்கு இருக்கிறது. பன்பாய் இழைக்கும் உம்மம்மாவின் அருகில் உட்கார்ந்த பேத்தி யாரும் பாடம் சொல்லாமலே கற்கிறாள். சாயமிட்ட பன் ஒரு வரி தப்பிப்போனால் உம்மம்மா பேசமாட்டார். அந்த வரியைப் பிரித்து மறுபடி கையில் கொடுப்பார். வேலை செய்கிற கைக்குப் பக்கத்தில் இருந்து கற்பது நமக்குப் புதிதல்ல. அக்கரைப்பற்றின் றஷ்மி கவிஞராகவும் ஓவியராகவும் நூல்களுக்கு அட்டை வடிவமைப்பவராகவும் பெயர் பெற்றதும் இந்தக் கரையிலிருந்துதான்.

குறை பாடசாலைச் சித்திர வகுப்பில் இருக்கிறது. பரீட்சைக்கு உதவும் படங்களையே திரும்பத் திரும்ப வரைவித்து நல்ல பெறுபேறு வாங்கிக் கொடுக்கிறோம். ஆசிரியர் கடைசியாகத் தனக்கென்று எப்போது வரைந்தார் என்று எவரும் கேட்பதில்லை. நான் கேட்கச் சொல்கிறேன். ஆசிரியரின் முடியாத படம் ஒன்று வகுப்பின் மூலையில் நிற்கட்டும். அவர் அழிப்பதையும் மறுபடி தொடங்குவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

காண்பியக் கலையைப் பட்டப்படிப்பாகக் கற்க நாம் வெகுதூரம் போகவும் தேவையில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே போகுமுன் நம் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஏராளம். அவற்றில் வாழ்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் அவர்களிடம் கொடுத்து வீட்டை வரையச் சொல்லலாம். பக்கத்தில் பேரப்பிள்ளை இருந்து, கதவு எந்தப் பக்கம் திறந்தது, கிணறு எத்தனை எட்டில் இருந்தது என்று கேட்டுக் கேட்டுத் தன் தாளில் வரையலாம். இந்த வருடச் சித்திரக் கண்காட்சியின் ஒரு சுவரை அந்தத் தாள்களுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியரும் தன் வீட்டை வரைந்து அங்கே மாட்டட்டும்.