வன்னிக் கையேடும் ஒற்றையடிப் பாதையும்

ஒரு பிரதேசத்தின் வரலாற்றைச் சாசனங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் தேடும் பழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. நிலத்தையே சாசனமாகக் கொண்டு, நடந்து சென்று அதனை வாசிக்கும் முயற்சியோ அருகியே காணப்படுகின்றது. இங்கிலாந்தின் டெவன் பகுதியிற் பிறந்த டபிள்யூ. ஜி. ஹொஸ்கின்ஸ், ஆங்கில நிலத்தோற்றத்தின் உருவாக்கம் பற்றி 1955இல் வெளியிட்ட நூலில், வயல் வேலிகளையும் ஒழுங்கைகளையும் கைவிடப்பட்ட ஊர்களையும் வரலாற்றுச் சான்றுகளாக நிறுத்தினார். வன்னிப் பெருநிலத்துக்கு அத்தகைய நூல் உண்டா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

உண்டு எனக் கூறுவோர் முதலிற் காட்டுவது, பிரித்தானிய நிர்வாக அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேட்டையாகும். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளைப் பற்றிய அந்நூலைப் புறக்கணித்து எவரும் வன்னியை ஆராய முடியாது. ஊர்ப்பெயர்களில் லூயிஸ் கொண்டிருந்த ஈடுபாடும் விதந்துரைக்கத்தக்கது. எனினும், அது இறைப்பகுதி அதிகாரி ஒருவரின் தேவைக்கேற்ப வகுக்கப்பட்ட நூல். மக்கள் தொகை ஓரிடத்தில், நீர்ப்பாசனம் வேறோரிடத்தில், வழிபாடு பிறிதோரிடத்தில் என ஒரே ஊர் அதிகாரந்தோறும் துண்டாடப்படுகின்றது. நூலைக் கையிற்கொண்டு ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு நடக்க விரும்புவோனுக்கு அது வழிகாட்டாது.

இதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட றொபேட் நொக்ஸ் இவ்விடயத்தில் மாறுபடுகின்றார். கண்டி அரசனின் சிறையிருப்பிலிருந்து 1679இல் தப்பிய அவர், தோழர் ஒருவருடன் அருவியாற்றைத் தொடர்ந்து நடந்தே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வன்னியின் தென் விளிம்பை அவர் கண்டது அச்சத்துடனேயே. அங்கு வாழ்ந்த தமிழர் அவருக்கு மறைந்து விலக வேண்டியவர்கள். ஆயினும் 1681இல் வெளியான அவரது நூலின் அப்பகுதியில் திசை உண்டு, தூரம் உண்டு, ஒன்றன்பின் ஒன்றாய் வரும் இடங்களின் ஒழுங்கு உண்டு. ஓடுபவனின் கண்ணுக்கும் காலுக்கும் இடையே இருந்த உறவு, ஆண்டவனின் பேரேட்டில் இல்லாமற் போயிற்று. (ஆண்டவன் என்றது ஆட்சி செய்தவனையே.)

வன்னி ஊர்ப்பெயர்களை நடப்போனாக நின்று நோக்குவோமாயின் நிலைமை தெளிவாகும். குளம், மடு, மோட்டை, கட்டு, முறிப்பு என முடியும் அப்பெயர்களிற் பெரும்பாலானவை நீரின் நிலையைச் சொல்வன. குளக்கட்டு உடைந்த இடம் முறிப்பு. தண்ணிமுறிப்பு, மூன்றுமுறிப்பு என்பன அழிவின் நினைவைத் தாங்கிய பெயர்களேயாயினும், அழிந்த ஊர்களின் பெயர்கள் அல்ல. கட்டு உடைந்தால் மக்கள் வேறொரு குளத்தடிக்குப் பெயர்வதும், கட்டு மீண்டும் எழுந்தால் திரும்புவதும் இம்மண்ணின் இயல்பு. ஹென்றி பாக்கர் 1909இல் பண்டைய பெலிவாபி என அடையாளங்கண்ட வவுனிக்குளம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீளமைக்கப்பட்டு மறுபடியும் வயல்களுக்கு நீர் பாய்ச்சியமை இதற்குத் தக்க சான்று. கணக்கெடுப்பில் 'பாழ்' எனப் பதியப்படும் ஊர், நடப்பவனின் அறிவில் 'இப்போது ஆளில்லாத ஊர்' மட்டுமே. இவ்வேறுபாடு சிறிதன்று, ஆளில்லாத காணிக்கு உரிமையாளர் உண்டு, பாழுக்கு இல்லை.

கையேடு தராத இவ்வறிவைத் தந்தது ஒரு நாவல். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தபோது, திறனாய்வாளர் பலர் 'மண்வாசனை' என்ற ஒற்றைச் சொல்லுடன் அமைந்தனர். அது போதிய மதிப்பீடன்று. தண்ணிமுறிப்பின் காடும் குளமும் அந்நாவலிற் கதைக்குப் பின்னே தொங்கவிடப்பட்ட திரையல்ல. வேட்டையும் வயலுமாக வாழும் கதிராமன் போன்றோருக்குக் காடு கால்களால் அறியப்பட்டது. தாழப் பறக்கும் ஒரு பறவையின் பெயரை நாவலுக்கு இட்டதிலேயே, நிலத்தை எந்த உயரத்திலிருந்து நோக்க வேண்டும் என்ற தெளிவு ஆசிரியருக்கு இருந்தமை புலனாகும். காதற் கதையின் விறுவிறுப்பு ஆங்காங்கே சூழலை விழுங்கிவிடுகின்றது என்ற குறையை ஒப்புக்கொண்ட பின்னரும், வன்னியின் நிலவியல் ஆவணமாக இதனைக் கையேட்டுக்கு அருகில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

இன்று இவ்விரு நூல்களையும் ஒருங்கே வாசிக்க வேண்டிய தேவை கூடியுள்ளது. 1984இன் இறுதியில் தண்ணிமுறிப்பு உள்ளிட்ட ஊர்களின் மக்கள் தம் வாழ்விடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2009இற் போர் முடிந்த பின்னரும், கண்ணிவெடிகள் அகற்றப்படும்வரை காட்டுப்பாதைகளிற் கால்வைக்க இயலவில்லை. வைகாசியில் வற்றாப்பளைக்கும், கதிர்காம யாத்திரையாகக் கரையோரமாகவும் நடப்போரால் சில வழிகள் மட்டும் உயிர்பெற்றன. சிறு குளங்களுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளோ பற்றைக்குள் மறைந்தன. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத் தாள்களிற் கைவிடப்பட்ட குளங்களும் அவற்றின் பெயர்களும் காணப்படுகின்றன. 1984இற்கு முன் அவ்வழிகளில் நடந்து பழகியோர் இப்போது முதுமையெய்திவிட்டனர். வரைபடத்துடன் அவர்கள் பக்கத்தில் நடக்கும் ஆய்வு மாணவர் எவரேனும் எழுதவேண்டிய நூல், லூயிசின் அதிகார வரிசையிலன்றி, குளக்கட்டுகளின் வரிசையிலேயே அமைதல் வேண்டும்.