பிரியத் தைத்த தையல்

ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம் செய்யும் நான்குமுனை சீட் பெல்ட்டில் என்னை மயக்கும் இடம், ஒரு தோளின் பட்டையில் மட்டும் மடித்துத் தைத்திருக்கும் துண்டு. அன்றாடம் ஓட்டும் காரையே பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோகிறவர்களுக்காகச் செய்தது இது. காரோடு வரும் சீட்டில், தொடைகளுக்கு நடுவே வரும் பட்டைக்குப் பெரும்பாலும் துளை இருக்காது. அந்தப் பட்டை இல்லாமல் இரு தோள்களையும் ஒரேபோல இறுக்கினால், மோதலில் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிவிடலாம். பெல்ட் மேலேறி வயிற்றை நெரிக்கும். இதைத் தடுக்கத்தான் மோதலின் இழுப்பில் அந்தத் தையல் பிரிகிறது. பட்டை நீள்கிறது, அந்தத் தோள் சற்றே முன்னே போகிறது, உடல் லேசாகத் திரும்புகிறது; இடுப்பு சீட்டிலேயே நிற்கிறது. எத்தனை அழகான யோசனை! தோள் பட்டைகளைப் பின்பக்கம் கட்டும் கோணத்திலும் கவனம் வேண்டும். தோளிலிருந்து செங்குத்தாக இறக்கினால் முதுகெலும்பு அமுங்கும். தையல் ஒருமுறை பிரிந்துவிட்டால் பெல்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.