அசிடோஃபிலஸ் என்ற ஒற்றைப் பெயர்

கோழித் தீவனத்தில் கலக்கும் புரோபயாடிக் பொட்டலங்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் லாக்டோபேசிலஸ் அசிடோஃபிலஸ். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. ஆன்டிபயாடிக்கைக் குறைத்துக்கொண்டே நாமக்கல்லின் முட்டைக்கோழிகளைக் காக்க வேண்டுமானால் இத்தகைய பாக்டீரியாக்களின் துணை தேவை. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா அண்டாது என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் 1973-லேயே காட்டினார்கள். பொட்டலத்துக்குள் இருப்பது எந்த இனம் என்ற கேள்வி பண்ணையின் கேள்வியாகிவிட்டது.

பழைய வழி சர்க்கரைச் சோதனை. வரிசையான சிறு குழிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை. ஊதா நிறத் திரவத்தில் பாக்டீரியாவைக் கலந்து ஊற்றி இரண்டு நாள் காத்திருந்தால், அமிலம் சுரந்த குழிகள் மட்டும் மஞ்சளாகும். அந்த மஞ்சள் வரிசையே இனத்தின் அடையாளம். செலவு குறைவு, பாக்டீரியா எதைத் தின்னும் என்பதையும் நேரே சொல்லிவிடும். இந்தப் பயனை இன்றும் நான் மதிக்கிறேன். ஆனால் நெருங்கிய உறவினரைப் பிரிக்க இது போதாது. சில சர்க்கரைகளைச் செரிக்கும் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. துண்டில் இருக்கின்றன. பிளாஸ்மிட் கழன்றுபோனால் அதே பாக்டீரியா வேறு இனம்போலத் தோன்றும். அசிடோஃபிலஸ் என்று ஒரே பெயரில் கிடந்தவற்றை 1980-இல் டி.என்.ஏ. ஒப்பீடு ஆறு குழுக்களாகப் பிரித்துக் காட்டியது. அவற்றில் ஒன்றுக்கு 1992-இல் வைத்த பெயர் காலினாரம். லத்தீனில் 'கோழிகளுடைய' என்று பொருள். கோழிக்குரிய இனம் அதுவரை அசிடோஃபிலஸ் பெயருக்குள் ஒளிந்திருந்தது. அடுத்து வந்த 16எஸ் மரபணுச் சோதனையும் முழுத் தீர்வு தரவில்லை. ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட அந்த மரபணு, பிளான்டாரம், பென்டோசஸ் ஆகிய இரண்டு இனங்களிலும் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றே.

முழு மரபணுத்தொகையை ஒப்பிடுவதே இன்றைய வழி; சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்குக் குறைந்தால் வேறு இனம். இந்த வழியில்தான் 2020-இல் லாக்டோபேசிலஸ் பேரினம் 25 ஆகப் பிரிந்தது; கோழிக் குடலில் வாழும் ரியூட்டெரி இப்போது லிமோசிலாக்டோபேசிலஸ். பெயர் மாற்றத்தால் குழப்பந்தான் மிச்சம், பண்ணைக்கு வேண்டியது பலன் என்று சிலர் சொல்வார்கள். குழப்பம் உண்மை, பழைய கட்டுரைகளைத் தேடுவோருக்கு நிச்சயம் இடைஞ்சல்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரியூட்டெரிக்கு வான்கோமைசின் எதிர்ப்பு பிறவிக் குணம். அசிடோஃபிலஸ் குழுவோ அந்த மருந்துக்கு மடியும். அதே எதிர்ப்பு என்டெரோகாக்கஸ் என்ற வேறொரு குடல் பாக்டீரியாவில் தென்பட்டால் அது மற்ற பாக்டீரியாக்களுக்கும் தாவக்கூடிய மரபணுவாக இருக்கலாம். இனம் தெரியாமல் பிறவி எதிர்ப்பையும் தொற்றும் எதிர்ப்பையும் எப்படிப் பிரிப்பது? ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் குறைக்க வாங்கும் பொட்டலமே அதைப் பரப்பிவிடக் கூடாதல்லவா?

இருந்தாலும் மரபணு வகைப்பாட்டைக் கண்மூடி ஏற்க முடியாது. 95 என்பது அறிஞர்கள் ஒத்துக்கொண்ட கோடு. இயற்கை கிழித்தது அல்ல. அதைவிடப் பெரிய குறை, இனப்பெயர் குணத்தைச் சொல்லாதது. ஒரே இனத்தின் இரண்டு ஸ்ட்ரெயின்களில் (உள்வகைகளில்) ஒன்று கோழியின் தீனிப்பைச் சுவரில் ஒட்டும், மற்றொன்று ஒட்டாமல் போகும். எனவே இனத்தை மரபணுவால் முடிவு செய்துவிட்டு, ஒட்டுதலையும், அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் திறனையும் பழைய முறைப்படி ஸ்ட்ரெயின் ஸ்ட்ரெயினாகச் சோதிப்பதே முறை. செலவு கட்டுப்படியாகாது என்றால், ஓரிரு கூடுதல் மரபணுக்களைப் படிப்பதே நெருங்கிய இனங்களில் பலவற்றைப் பிரித்துவிடும். பிளான்டாரத்தையும் பென்டோசஸையும் ரெக்-ஏ என்ற ஒரே மரபணு பிரிக்கிறது. 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் நாமக்கல்லில் இது எட்டாத வேலை அல்ல. பண்ணைக்காரர்கள் பொட்டலத்தில் மூன்றைக் கேட்க வேண்டும்: இன்றைய இனப்பெயர், ஸ்ட்ரெயின் எண், காலாவதி நாள்வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கை. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.