பால்சாக் காட்டும் பழம்பொருள் பித்தர்

பொன் சேர்ப்பவனை உலகம் கஞ்சன் என்று பழிக்கும். ஆயினும் அவனுக்கு அஞ்சும். நிலம் சேர்ப்பவனைப் பேராசைக்காரன் என்னும். ஆயினும் அவனை வணங்கும். மங்கிய ஓவியத்தையும் விரிசல் விட்ட பீங்கானையும் தேடிக் கடை கடையாய் அலைபவனுக்கு மட்டும் அச்சமும் இல்லை, வணக்கமும் இல்லை. பித்தன் என்ற ஒரு சொல்லோடு அவனை ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு முதியவரைத் தலைமை மாந்தராக்கிப் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1847ஆம் ஆண்டில் படைத்த புதினமே 'கசின் பான்ஸ்'. தொடர்கதையாகப் பாரிசு நாளிதழ் ஒன்றில் வெளிவந்த இந்நூல், அவர் வாழ்வின் இறுதிக் காலப் படைப்புகளுள் ஒன்று. மூன்றாண்டுகளில், 1850இல், அவர் மறைந்தார்.

தலைப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. 'கசின்' என்பதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. அத்தான் என்பதா, மைத்துனர் என்பதா, ஒன்றுவிட்ட சகோதரர் என்பதா? உறவைக் கூர்ந்து பிரித்துப் பெயரிட்டுப் பழகிய நமக்கு அச்சொல் தெளிவற்றதாகவே படும். ஆனால் அத்தெளிவின்மைதான் பால்சாக்குக்குத் தேவைப்படுகிறது. நீதிமன்றத் தலைவர் காமுசோவின் குடும்பத்துக்குப் பான்ஸ் சுற்றி வளைத்த உறவினர். அவருடைய தந்தையின் முதல் மனைவி வழியில் வந்த ஒட்டு. விருந்துண்ண வரும்போது அந்த உறவு மெலிந்து தேய்கிறது. சொத்து என்று வந்தவுடன் அதே உறவு தடித்துக் கொழுக்கிறது. நாவல் முழுவதும் அந்த ஒரு சொல்லின் ஏற்ற இறக்கம் எனலாம்.

பான்ஸ் இளமையில் இசைக்காக உரோமாபுரிப் பரிசு பெற்றவர். இத்தாலியில் கழித்த ஆண்டுகளில் பெற்றோர் விட்டுச் சென்ற செல்வம் கரைந்தது. கலைப் பித்து மட்டும் மிஞ்சியது. முதுமையில் ஒரு நாடக அரங்கின் இசைக்குழுவை நடத்தி வயிறு வளர்க்கிறார். ஷ்முக்கே என்னும் செருமானிய இசை ஆசிரியர் அவருக்கு உயிர்த்தோழர். இருவரும் வாழும் எளிய வாடகை வீட்டில் 1907 கலைப்பொருள்கள் நிறைந்த கூடம் ஒன்று இருக்கிறது. பழங்கால விசிறிகள், சிறு ஓவியங்கள், பொடி டப்பிகள், செவ்ரு பீங்கான்கள் எனப் பல பொருள்கள். எதற்கும் நூறு பிராங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்பது அவரது விரதம்.

இவ்வளவு மலிவாக எங்ஙனம் கிடைத்தன? பால்சாக் இங்கே வரலாற்றாசிரியராகிறார். புரட்சி, பிரபுக்களின் மாளிகைகளைக் காலி செய்தது. வெர்சாய் அரண்மனைத் தளவாடங்கள் மட்டும் 1793ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டுக் காலம் ஏலம் விடப்பட்டன. ஏலத் தொகுதிகள் 17,182. பின்னர் மாளிகைகளை வாங்கி இடித்துத் துண்டாக விற்ற கூட்டமும் தோன்றிற்று. பதினைந்தாம் லூயி காலத்துப் பேரழகுப் பொருள்கள் பழைய இரும்போடு இரும்பாகச் சந்தைக்கு வந்தன. 1811க்கும் 1816க்கும் இடையே அவற்றைப் பத்து பிராங்குக்குப் பொறுக்கியவர் பான்ஸ். 1840களில் அவற்றுக்கு ஆயிரம் பிராங்கு கொடுக்கச் செல்வர்கள் முன்வந்தனர். அவருக்கோ விற்கும் எண்ணமே இல்லை. அவர் முதலீடு செய்தவர் அல்லர். பிறர் பாராதபோது பார்த்தவர்.

அவர் தம் உறவினரான காமுசோ சீமாட்டிக்கு ஒரு விசிறியைப் பரிசாகக் கொண்டு செல்லும் காட்சி, இந்நூலின் உயிர்நாடி. வாத்தோ என்னும் ஓவியர் தீட்டியது. பதினைந்தாம் லூயியின் காதற்கிழத்தியான பொம்பதூர் சீமாட்டிக்கு உரியது. வாத்தோ யார் என்பதே அந்த அம்மையாருக்குத் தெரியவில்லை. விருந்துக்கு நன்றி காட்ட முதியவர் கொணர்ந்த பொருள் தன் வீட்டுத் தளவாடங்கள் அனைத்தினும் அரியது என்பதை அவர் உணரவில்லை. அவ்வீட்டில் அன்று அவருக்குக் கிடைத்தது அவமதிப்பே.

ஆனால் இக்காட்சியில் ஆசிரியரே தவறியிருக்கிறார். வாத்தோ மறைந்தது 1721 ஜூலையில்; பொம்பதூர் சீமாட்டி பிறந்தது அதே ஆண்டு டிசம்பரில். பிறவாத பெண்ணுக்கு இறந்த ஓவியர் எப்படி விசிறி தீட்டுவார்? இதைச் சிறு பிழை என்று தள்ளிவிடலாகாது. ஏலக்கூடத்தில் ஒரு நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தால் ஒரு விலை. அரசி அமர்ந்தது என்றால் வேறொரு விலை. கண்ணை நம்பி வாங்குபவரும் நாளடைவில் காதை நம்பத் தொடங்குகிறார். பால்சாக்கும் அப்படி ஏமாறியவரே. 1843இல் தாம் வாங்கிய பழம் மரத் தளவாடங்கள் இரண்டு, அரசி மரீ தெ மெதீசிக்கு உரியவை என்று நம்பிப் பெருவிலைக்கு விற்கக் கனவு கண்டார். தம் நோயைத் தம் மாந்தருக்கும் ஒட்டவைத்துவிட்டார். அதனால்தான் பான்ஸ் அறிவின் உருவமாக மட்டும் நில்லாமல் ஆசையுள்ள மனிதராக நம் முன் நடமாடுகிறார்.

கதையின் திருப்பம் ஒரு தொகையில் இருக்கிறது. வீட்டு வாயிற்காப்பாளி சிபோ அம்மாள், அதுவரை இரு கிழவர்களுக்கும் கூலிக்குச் சமைத்துப் போட்டு, ஓரளவு அன்போடும் பார்த்துக்கொண்டவள். கூடத்திலிருப்பவை அவள் கண்ணுக்குத் தட்டுமுட்டுச் சாமான்கள். அவை பல நூறாயிரம் பிராங்கு பெறும் என்ற சொல் அவள் செவியில் விழுகிறது. அக்கணமே அவள் வேறொருத்தி. நோயுற்ற பான்ஸைப் பேசிப் பேசியே சாவை நோக்கித் தள்ளுகிறாள். பழைய இரும்புக் கடைக்காரன் ரெமோனான்க், அவளை அடைவதற்காக, களிம்பேறிய செப்புத் தகட்டை அவள் கணவனின் கஷாயத்தில் தோய்த்துத் தோய்த்தே அவனைக் கொல்கிறான். வழக்கறிஞர் பிரேசியே சட்டப் புத்தகத்தைக் கொண்டே அதே வேலையைச் செய்கிறார். விலை தெரியாதவரை அவ்வீட்டில் எவரும் கொலைகாரர் இல்லை. ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி இது.

இறக்கும் நிலையில் பான்ஸ் படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைப் பற்றிக்கொண்டு தம் கூடத்துக்குச் செல்லும் பகுதியைப் பிரெஞ்சு இலக்கியத்தின் தலைசிறந்த பக்கங்களோடு வைக்கலாம். எட்டு ஓவியங்கள் இல்லை. அவை இருந்த இடங்களில் வேறு ஓவியங்கள். உலகறியாத ஷ்முக்கே, நண்பனின் மருத்துவச் செலவுக்கென்று சொற்பத் தொகைக்கு அவற்றை விற்க இசைந்திருந்தார். பான்ஸ் அவரைச் சினக்கவில்லை. ஓவியங்களை இழந்த துயரைவிட, தாம் போனபின் இந்தக் குழந்தை என்ன ஆகும் என்ற துயரே மேலோங்குகிறது. பொருளை நேசித்தவர் மனிதரை நேசிக்கமாட்டார் என்னும் பொதுக்கருத்தை இவ்விடம் தகர்க்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஓவிய வணிகர் எலி மாகுசை வருணிக்கும்போது பால்சாக் அம்மனிதரை விட்டு யூத இனத்தையே ஏளனம் செய்கிறார். காலத்தின் வழக்கு என்று சொல்லி இதை மன்னிப்பதற்கில்லை. ஏனெனில் அதே மாகுசு ஓவியத்தின் முன் மெய்மறந்து நிற்கும் காட்சியில், பான்ஸுக்கு நிகராகப் பார்க்கத் தெரிந்தவர் இந்நூலில் அவர் ஒருவரே என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்கிறார். அறிந்தும் இழித்திருக்கிறார். ஷ்முக்கேயோ அளவுக்கு மீறிய தேவதை. அவர் பேச்சில் உள்ள செருமானியக் கொச்சை சில பக்கங்களிலேயே சலிப்பூட்டுகிறது.

பான்ஸோடு ஒப்பிடத்தக்க இன்னொரு சேகரிப்பாளரை ஆங்கிலத்தில் புரூசு சாட்வின் படைத்தார். 1988இல் வெளிவந்த 'உட்சு' என்னும் அக்குறுநாவலின் களம் பொதுவுடைமை ஆட்சிக்காலப் பிராகு நகரம். சிறு குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைசன் பீங்கான் பொம்மைகளோடு வாழ்கிறார் உட்சு. இறந்தபின் அவை அருங்காட்சியகத்துக்கே சேரவேண்டும் என்பது அரசின் நிபந்தனை. அவர் இறந்ததும் பொம்மைகளையே காணவில்லை. உட்சுவும் அவர் மணந்த பணிப்பெண்ணும் சேர்ந்து உடைத்திருக்கலாம் என்று கதை சொல்பவர் ஊகிக்கிறார். சாட்வின் 1958 முதல் 1966 வரை லண்டன் சதபீசு ஏல நிறுவனத்தில் பணிபுரிந்தவர். பொருளுக்கு விலை சொல்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவர், கதையில் விலையைப் பின்னுக்குத் தள்ளி அழகையும் அரசையும் எதிரெதிரே நிறுத்துகிறார். நேர்த்தியான நூல்தான். ஆயினும் அதில் பீங்கான் உடைகிறதே தவிர நெஞ்சு உடைவதில்லை. பால்சாக்கின் நடை கரடுமுரடானது. சந்தையின் சேறு அதில் அப்பியிருக்கிறது. எனினும் அந்தச் சேற்றில் நின்றுதான் அவர் பான்ஸின் கூடத்தைக் கட்டியிருக்கிறார்.

பான்ஸ் தம் செல்வம் முழுவதையும் ஷ்முக்கேக்கு எழுதிவைத்து இறக்கிறார். அறைகளுக்கு முத்திரை வைக்கப்படுகிறது, ஷ்முக்கே வெளியேற்றப்படுகிறார். வழக்கில் தம்மீது சுமத்தப்பட்ட இழிவை ஒரு தாளில் கண்ட அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவே இல்லை. சேகரிப்பு முழுவதும் உறவினர் கைக்குப் போகிறது. அயல்நாட்டு விருந்தினர் அந்த வாத்தோ விசிறியைக் கண்டு வியக்கும்போது, காமுசோ சீமாட்டி கண் கலங்கி, அதைத் தந்த அருமை உறவினர் வாரத்தில் மூன்று நான்கு முறை தம் இல்லத்தில் உணவருந்தியவர் என்று பெருமையோடு சொல்லுகிறார்.