மதிப்பிடுகிறவருக்குப் படியளப்பவர் யார்?

ஓசூர் ஆலைகளின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஏரிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து சேருவது இப்போது பழகிப்போன காட்சி. பணம் வந்து ஓரிரு ஆண்டுகள் கழித்து, கையில் டேப்லெட்டுடன் இளைஞர்கள் வருகிறார்கள். "இந்தத் திட்டத்தால உங்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டுப் பதிந்துகொண்டு போகிறார்கள். அவர்களை அனுப்பியது அரசும் இல்லை, ஆலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே முளைத்திருக்கும் ஒரு தொழில்: திட்ட மதிப்பீட்டு ஆலோசனை.

இந்தத் தொழிலுக்குச் சந்தையை உண்டாக்கியது சட்டம். 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனம், 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவான திட்டம் முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, அதன் தாக்கத்தைச் 'சுதந்திரமான முகமை' ஒன்றைக் கொண்டு அளக்க வேண்டும். அந்த அளவுக்குக் கடமை ஏற்பட ஆண்டுக்குச் சுமார் 500 கோடி நிகர லாபம் வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள் இதற்குள் வரவே வராது. ஆக, கட்டாய வாடிக்கையாளர்கள் சில பெரிய நிறுவனங்கள்தான். அவர்களின் முடிவுகள் எடுக்கப்படுவது சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் தலைமை அலுவலகங்களில். காவேரிப்பட்டினத்துப் பட்டதாரி ஒருவர் இப்படியொரு நிறுவனம் தொடங்கினால், களம் வீட்டு வாசலில் இருக்கும். ஒப்பந்தம் தொலைவில் இருக்கும். பெரிய ஆலோசனை நிறுவனம் ஒப்பந்தத்தை எடுக்க, படிவத்துக்கு இவ்வளவு என்று இவர் கணக்கெடுப்பை மட்டும் செய்துகொடுக்கும் நிலைதான் பெரும்பாலும் வாய்க்கும்.

இது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். 1952இல் மத்திய அரசின் திட்ட மதிப்பீட்டு அமைப்பு தொடங்கிய காலத்திலிருந்து நம் நாட்டில் மதிப்பீடு பெரும்பாலும் அரசு அலுவலகக் காரியமாகவே இருந்துவந்தது. தமிழ்நாட்டிலும் அதற்கென்று ஒரு துறை இருக்கிறது. சிறு தனியார் குழுக்கள் அந்த வேலைக்கு வேகத்தைக் கொண்டுவந்தன. உள்ளூர்க்காரர்களாக இருந்தால் மொழியையும். ஓசூர் பக்கம் தெலுங்கு, தளி பக்கம் கன்னடம், கிருஷ்ணகிரி கடைத்தெருவில் உருது. தமிழில் அச்சடித்த ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு இந்த மாவட்டத்தைச் சுற்றினால் தலையாட்டல்தான் பதிலாகக் கிடைக்கும்.

சிக்கல் அளவிடும் முறையில் தொடங்குகிறது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையான ஒரே நாளில், ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முந்தைய கோடையில் அந்தப் பக்கம் தூர்வாரிய ஏரி ஒன்றை 2025இல் போய்ப் பார்க்கும் மதிப்பீட்டாளர் என்ன காண்பார்? நிரம்பிய ஏரியை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கும், ஜனங்களும் நல்லவிதமாகவே சொல்வார்கள். தூர்வாராத பக்கத்து ஏரியும் அதே மழையில்தான் நனைந்தது. அந்த ஏரிக்கும் போய் அளந்தால்தான், மழை செய்தது எவ்வளவு, மண்வெட்டி செய்தது எவ்வளவு என்று பிரிக்க முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது பெரும்பாலும் பயனாளிகளின் பட்டியல் மட்டுமே. பக்கத்து ஏரிக்குப் போக யாரும் பணம் தருவதில்லை.

இதுவே எதிர்த்திசையிலும் நடக்கும். மா விவசாயிகளின் வருமானத்தை உயர்த்தும் திட்டம் ஒன்றை, பெங்களூரா மாங்காய் விலை சரிந்து விவசாயிகள் தவித்த 2025இல் மதிப்பிட்டால், நல்ல திட்டம்கூடத் தோற்றதாகத் தெரியும். ஆனால் அதிர்ஷ்டம் தந்த வெற்றி அட்டைப்படத்தோடு அறிக்கையில் ஏறும். துரதிர்ஷ்டம் தந்த தோல்விக்குத்தான் பக்கம் பக்கமாய் விளக்கம் எழுதப்படும்.

ஒப்பிட ஒரு நல்ல உதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு. கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறக் குழந்தைகள் இழந்த கல்வியை மீட்டதில் மாநில அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் பங்கை அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஆராய்ந்தார்கள். மீட்சியில் சுமார் 24 சதவீதம் அத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. 'கால் பங்கு' என்று எழுத அவர்களால் முடிந்தது. அவர்கள் பல்கலைக்கழகச் சம்பளக்காரர்கள். அந்த எண் யாருக்குப் பிடிக்காமல் போனாலும் அடுப்பு அணையாது. கட்டணத்தில் வாழும் ஆலோசகர், போட்ட ஒரு ரூபாய்க்குச் சமூகத்துக்கு இத்தனை ரூபாய் திரும்பியது என்று முழுப் புகழையும் திட்டத்துக்கே எழுதும் பக்கமாகத்தான் இழுக்கப்படுகிறார். இதை அவருடைய நேர்மையின் குறை என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபம். அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

கட்டணம் தவணையாக வரும். கடைசித் தவணை, வாடிக்கையாளர் அறிக்கையை 'ஏற்றுக்கொண்ட' பிறகு. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோ பில் போட்டதுமே கடனாகிவிடும்; பணம் வர மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் வரைவு அறிக்கை திரும்பி வருகிறது: "மூன்றாவது அத்தியாயத்தைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே?" பத்துப் பேருக்குச் சம்பளம் போட வேண்டிய சிறு முதலாளி என்ன செய்வார்? 'சுதந்திரமான முகமை' என்று எழுதிய விதி, அந்தச் சுதந்திரம் என்னவென்று சொல்லவில்லை. தகுதியும் வரையறுக்கப்படவில்லை. அதேசமயம், சமூக நோக்குள்ள அமைப்புகள் நிதி திரட்டும் சமூகப் பங்குச்சந்தையில் மதிப்பீடு செய்ய வருபவருக்குத் தேர்வும் சான்றிதழும் கட்டாயம்.

விதியில் பாராட்ட ஒன்று உண்டு. தாக்க அறிக்கை இயக்குநர் குழுவின் முன் வைக்கப்பட்டு, ஆண்டு சி.எஸ்.ஆர். அறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும். எனவே தேடினால் கிடைக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஏரிக்கரைக்காரர் அதைப் படிக்கப்போவதில்லை. அவரிடம் கேட்டுத்தான் எழுதினார்கள் என்பது வேறு கதை.

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் வேறொரு ஏற்பாடு. அரசுத் திட்டங்களுக்காகக் கர்நாடகம் 2011இல் ஒரு மதிப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. ஆலோசகர்களின் பட்டியல் ஆணையத்திடம் இருக்கிறது; ஆய்வின் எல்லையையும் வரைவு அறிக்கையையும் திட்டம் நடத்திய துறைக்கு வெளியே ஒரு குழு பார்க்கிறது. குறையில்லாத ஏற்பாடு என்று அதைச் சொல்ல முடியாது. துறையின் நெருக்கடி அங்கேயும் இருக்கும். ஆனால் மதிப்பிடுகிறவருக்கும் மதிப்பிடப்படுபவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார். ஓசூர் நிறுவனங்கள் தங்கள் மதிப்பீட்டுப் பணத்தை ஒரு பொதுக் கணக்கில் போட்டு, ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அப்படியொரு குழுவிடம் விடுவதைச் சட்டம் எதுவும் தடுத்ததாகத் தெரியவில்லை. அது நடக்கும்வரை, கடைசித் தவணையை அறிக்கை ஏற்கப்படும் நாளோடு கட்டாமல் ஒப்படைக்கப்படும் நாளோடு கட்டும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். அதற்குத் தனியாகச் செலவும் இல்லை.